வேங்கையன் கல்லைக் காணோம்

லாவண்யா தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தபோது மணி காலை ஆறரை. ஈச்சங்குறிச்சி ஏரிக்கரையில் அதற்குள் ஊரே கூடியிருந்தது. பலர் குளித்து நெற்றியில் திருநீறு பூசி வந்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக மண்ணில் புதைந்து கிடந்த கல்லின் கீழ்ப்பாதியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறார்கள்.

அவள் தார்ப்பாயை இழுத்தாள்.

கல் இல்லை. மண் அடைத்த சாக்கு மூட்டைகள் நீளவாக்கில் அடுக்கியிருந்தன. மேலே போர்த்தினால் ஆள் உயரக் கல் படுத்திருப்பது போலவே தெரியும்.

முன்னால் நின்றவர்கள் குனிந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. "சாமியத் தூக்கிட்டானுவடா!"

இன்ஸ்பெக்டர் கவிதாவின் ஜீப் ஊருக்குள் நுழைந்தபோது கரையில் லாவண்யா மட்டும் தனியாக நின்றாள். கூட்டம் ஏரிக்கரைத் தெருவுக்கு இடம் மாறியிருந்தது. ஏரி மதகைத் திறந்து மூடும் மடைக்காரர் அமாவாசையின் வீட்டைச் சுற்றி வடக்குத் தெரு ஆட்கள் நின்றார்கள். கைகளில் கம்பு. ஓட்டின் மேல் கல் விழும் சத்தம்.

கவிதா ஜீப்பை வாசலை ஒட்டி நிறுத்தச் சொன்னாள். இறங்கி, வாசலுக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நின்றாள்.

"அடுத்த கல்லு என் மேல விழும். எறியறவங்க முன்னால வாங்க."

யாரும் வரவில்லை. எஸ்.ஐ. பிரசாத் கூட்டத்தைத் தெருமுனை வரை பின்னுக்குத் தள்ளினான்.

உள்ளே அமாவாசை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலையில் கட்டிய துண்டு சிவப்பாகியிருந்தது. அவர் மனைவி உண்ணாமலை கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"யார் அடிச்சது?"

"அந்த ராசாங்கத்தோட..." என்று உண்ணாமலை தொடங்கினாள்.

"நீ சும்மா இரு," என்றார் அமாவாசை. "யாரும் அடிக்கலம்மா. வுடுங்க."

"ராத்திரி கரைப் பக்கம் போனீங்களா?"

"போனேன். மடைப் பலகைய எறக்கணும்ல. வருசம் பூராவும் போறதுதான்."

"கல்லைப் பார்த்தீங்களா?"

"கிட்டப் போகலம்மா. போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மூணு வருசமா நாங்க அந்தக் கல்லுகிட்டப் போறதே இல்ல."

"அதுக்கு முன்னாடி?"

உண்ணாமலைதான் பதில் சொன்னாள். "அதுக்கு முன்னாடி திருவிழாவுல மொதத் தண்ணி இவருதான் கல்லு மேல ஊத்துவாரு. இவங்க அப்பா ஊத்தினாரு. அவங்க அப்பா ஊத்தினாரு. அந்தப் பொஸ்தகம் வந்துச்சு, எல்லாம் போச்சு."

கவிதா இரண்டு காவலர்களை வாசலில் நிறுத்திவிட்டுக் கரைக்குப் போனாள்.

அந்தப் புத்தகத்தின் பெயர் 'கரைமேல் வாள்'. பெரம்பலூரில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் முத்தமிழ்செல்வன் எழுதிய சரித்திர நாவல். ஈச்சங்குறிச்சி ஏரியைக் கைப்பற்ற வந்த படையை வாளோடு தனியாக எதிர்த்து மாண்ட வேங்கையன் என்ற தளபதியின் கதை. ஏரிக்கரையில் நிற்கும் பழைய கல் அவனுக்கு நட்ட நடுகல் என்று நாவல் சொன்னது. வடக்குத் தெருவின் பெரிய குடும்பத்தார் வேங்கையன் தங்கள் பாட்டன் என்றார்கள். ஊர் எல்லையில் வாள் பொறித்த வளைவு எழும்பியது. அந்த வருடம் பிறந்த ஆண் குழந்தைகளில் பாதிப் பேருக்கு வேங்கையன் என்று பெயர். கல்லுக்குப் பூசை செய்யும் உரிமையும் வடக்குத் தெருவுக்கே போனது. நேற்று இங்கே பேச அழைக்கப்பட்ட முத்தமிழ்செல்வன் ஊரிலேயே தங்கியிருந்தார்.

அவர் கரையில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"சார், கதையில எவ்வளவு நிஜம்?" என்று கேட்டாள் கவிதா.

"ஏரி நிஜம். கல் நிஜம்."

"மத்தது?"

"மேல் பாதியைத்தான் பார்த்தேன் மேடம். ஒருத்தன் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான். கையில நீளமா ஏதோ ஒண்ணு. எண்ணெய் அழுக்கு ஏறி உருவமே தெரியலை. வாள்னு எழுதினேன்."

"வாள்தானா?"

"வாளா இருந்தாத்தான் கதை நகரும்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கற்பனைன்னு முன்னுரையிலேயே சொல்லியிருக்கேன். நேத்து மேடையிலயும் சொன்னேன். கை தட்டினாங்க."

"கீழ்ப்பாதியைப் பார்த்தீங்களா?"

"இல்லை. நேத்து தூக்கினப்பவும் சேறு அப்பியிருந்தது."

லாவண்யா தொல்லியல் துறையில் கல்வெட்டு ஆய்வாளர். அவள் சொன்னது சுருக்கமாக இருந்தது. நேற்று மாலை ஜே.சி.பி. வைத்துக் கல்லைத் தூக்கிக் கரையில் படுக்க வைத்தார்கள். இருட்டிவிட்டது. கீழ்ப்பாதி முழுக்கக் களிமண். காய்ந்த பிறகு காலையில் பொறுமையாக எடுக்கலாம் என்று தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டுப் போனாள்.

"மேல் பாதியை ஏன் முன்னமே படிக்கலை?"

"படியெடுக்கப் பார்த்தோம் மேடம். காகிதத்தை நனைச்சு ஒட்டணும். ஒட்டவே மாட்டேன்னுது. காலம் காலமா எண்ணெய் ஊத்தியிருக்காங்க. முன்னாடி, பின்னாடி எல்லாப் பக்கமும் குடிச்சிருக்கு. மருந்து போட்டுத் துடைக்கலாம்னா சாமிக் கல்லுன்னு விடலை. அதான் கீழ்ப்பாதியையாவது பார்க்கலாம்னு தூக்கினோம்."

"தூக்கணும்னு யார் கேட்டது?"

"ராசாங்கம் ஐயாதான். ஏரிச் சங்கத் தலைவர். அரசாங்கமே ஒரு பலகை வைக்கணும், வேங்கையன் பேரு போடணும்னு மனு மேல மனு கொடுத்தாரு."

பிரசாத் கரையைச் சுற்றிவிட்டு வந்தான்.

"மேடம், முந்தாநாள் மழையில கரை சொதசொதன்னு இருக்கு. ஜே.சி.பி. வந்து போன தடம் மட்டும்தான். வேற வண்டியே வரலை. இவ்வளவு பெரிய கல்லு எப்படிப் போச்சு?"

கவிதா கல் கிடந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கூட்டம் மிதித்துத் துவைத்திருந்தது. ஆனால் சாக்கு மூட்டைகளுக்கு அடியில் யாரும் மிதிக்கவில்லை. அங்கே மண் குழம்பாக இருந்தது. நேற்று மழை இல்லை. குழம்புக்குள் தேங்காய் நார் ஒரு பந்து கிடந்தது. எடுத்து முகர்ந்தாள். களிமண் வாடை.

"பிரசாத், சிலை திருட வர்றவன் ராத்திரியில நின்னு அதைத் தேய்ச்சுக் குளிப்பாட்டுவானா?"

"எதுக்கு மேடம் குளிப்பாட்டணும்?"

"கீழ என்ன இருக்குன்னு பார்க்கத்தான். பார்த்த பிறகுதான் கல்லு காணாமப் போயிருக்கு."

ராசாங்கம் தன் அக்கா மகன்கள் இருவரோடு வந்தார். வெள்ளை வேட்டி, தடித்த மீசை. கண்கள் சிவந்திருந்தன. அழுதிருக்கிறார் என்று தெரிந்தது.

"இன்ஸ்பெக்டரம்மா, பொழுது சாய்ஞ்சா திருவிழா. அதுக்குள்ள கல்லு வரணும். வரலைன்னா அந்தத் தெரு இருக்காது. நான் சொன்னாலும் பசங்க கேக்க மாட்டானுவ."

"ராத்திரி காவல் யாரு?"

"என் அக்கா மவனுங்கதான். கோயில் வாசல்ல கூத்து நடந்துச்சு. கொஞ்ச நேரம் பார்க்கப் போயிருக்கானுவ. திரும்பறப்ப அமாவாசை டார்ச்சு லைட்டோட போறதப் பார்த்திருக்கானுவ."

"அவர் ஒத்தை ஆளா அந்தக் கல்லைத் தூக்கினாரா?"

"அவன் சனம் பூரா இருக்கே!"

"அவங்களுக்கு அதனால என்ன லாபம்?"

"பொறாமைதான். நாங்க பாட்டன்னு சொல்லிக்கிறது பொறுக்கல."

"எழுதினவரே கற்பனைன்னு சொல்றாரே ஐயா?"

ராசாங்கத்தின் முகம் கறுத்தது. "அவரு ஆயிரம் சொல்லுவாரு. வாள் ஏந்தி நின்ன மனுசன் எங்க பாட்டன். கூடையில மண்ணு சொமந்தவனா? கல்லப் பார்த்தாலே தெரியலையா?"

கவிதா குறிப்பேட்டை எடுத்து எதையோ எழுதினாள். பிறகு, "சரிங்க," என்றாள்.

பதினொரு மணிக்குத் தீயணைப்பு நிலையத்து ஆட்கள் ஏரிக்குள் இறங்கினார்கள். ஏரியின் உட்சரிவு முழுக்கக் கருங்கல் பதித்தது. அதில் இழுத்தால் தடம் விழாது. கல் தண்ணீரில்தான் கிடக்கும் என்பது பிரசாத்தின் கணக்கு. நீண்ட மூங்கில்களால் கரையோரம் முழுவதும் குத்திப் பார்த்தார்கள். சேறும் வேலிக்காத்தான் முள்ளும்தான் அகப்பட்டன.

வெயில் ஏறியது. வடக்குத் தெருவில் பறை அடிக்கத் தொடங்கினார்கள். திருவிழா அடி இல்லை அது. பக்கத்து ஊர்களிலிருந்து மோட்டார் சைக்கிள்களில் இளைஞர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து கிளம்பிய கூடுதல் படை வர இன்னும் நேரமாகும் என்றது வயர்லெஸ்.

"மேடம், அமாவாசையை அரெஸ்ட் பண்ணி வெளிய கொண்டுபோயிடலாமா? அவரோட பாதுகாப்புக்காவது..."

"அரெஸ்ட்னு சொல்லிக் கூட்டிப் போனா அவர்தான் திருடன்னு நாமளே முத்திரை குத்தின மாதிரி. அப்புறம் அந்தத் தெருவை யார் காப்பாத்துறது?"

அவள் படித்துறைப் பக்கம் இறங்கினாள். கல் இருந்த இடத்துக்கு நேர் கீழே அது. பாதிப் படிகளைப் பெயர்த்துப் புதுக் கற்கள் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. திருவிழாவுக்காகக் கொத்தனார்கள் முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டார்கள். போட்ட படிகள், போடாத பள்ளங்கள், ஓரத்தில் பலகைக் கற்களின் குவியல். எல்லாம் வெயிலில் ஒரே சாம்பல் நிறத்தில் புழுதி பூத்துக் கிடந்தன.

கரைமேல் ஏரிச் சங்கத்தின் தகரக் கொட்டகை. பெரிய பூட்டு தொங்கியது. பூட்டு உடையவில்லை.

"உள்ள என்ன இருக்கு?" என்று மேலே நின்ற ராசாங்கத்திடம் கேட்டாள்.

"கடப்பாரை, மம்பட்டி. வேலைச் சாமானுங்க."

"சாவி?"

அவர் இடுப்பைத் தடவினார். "எங்கிட்டதான். ஒரே சாவி."

"திறங்க."

கொட்டகைக்குள் கடப்பாரைகளும் இரும்புக் குழாய்களும் சாத்தியிருந்தன. கவிதா ஒரு குழாயை விரலால் தொட்டாள். விரல் நுனியில் ஈரக் களிமண் ஒட்டியது. வெளியே வந்தாள். பாரமான கல்லை நகர்த்த வண்டி வேண்டியதில்லை. நாலைந்து குழாய்களை அடியில் கொடுத்தால் மூன்று பேர் போதும்.

ஆனால் கல் எங்கே? அது இல்லாமல் இந்தக் களிமண்ணைக் கோர்ட் நம்பாது. இந்தக் கூட்டம் கேட்கவே கேட்காது.

ஏரியில் தள்ளியிருந்தால் சித்திரையில் தண்ணீர் வற்றும்போது வெளியே தெரிந்துவிடும். உடைக்கலாம். ஆனால் நேற்று வரை கும்பிட்ட கல்லின் மேல் சம்மட்டியை ஓங்க ஒருவனுக்குக் கை வருமா? புதைத்தால் புது மண் காட்டிக் கொடுக்கும். சரிவில் இறக்கியாகிவிட்டது. தண்ணீருக்குப் போகவில்லை.

அவள் படிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"பிரசாத், ஏரிக்கரைத் தெருப் பொம்பளைங்களைக் குடத்தோட வரச் சொல்லு. வடக்குத் தெருக்காரங்களும் வரட்டும். எல்லாரும் பார்க்கட்டும்."

கூட்டம் கரைமேல் வந்து நின்றது. கம்புகள் கீழே இறங்கவில்லை. உண்ணாமலையும் இன்னும் சில பெண்களும் குடங்களோடு இறங்கினார்கள். யாருக்கும் எதற்கென்று தெரியவில்லை.

"மேல் படியிலேருந்து ஆரம்பிங்க. ஒவ்வொரு கல்லு மேலயும் தண்ணி ஊத்துங்க."

ஊற்றினார்கள். தண்ணீர் பட்ட கற்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. அடுத்த படி. அதுவும் கறுத்தது. மேலே யாரோ சிரித்தார்கள். "படி களுவி வுடுறாங்கடோய்!" ராசாங்கம் சிரிக்கவில்லை.

கடைசிப் படிக்கு முந்தின படி. கொத்தனார்கள் வேலையை நிறுத்திய இடத்துக்கு அப்பால், யாரும் கால் வைக்காத மூலையில் இருந்தது. உண்ணாமலை குடத்தைச் சாய்த்தாள்.

அந்தக் கல்லின் ஒரு பாதி மற்ற கற்களைப் போலவே தண்ணீரைக் குடித்துக் கறுத்தது. மறுபாதியில் தண்ணீர் நிற்கவில்லை. தாமரை இலையில் விழுந்ததுபோல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. இரண்டுக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி ஒரு எல்லை.

லாவண்யா மேலிருந்து ஓடி வந்தாள். "எண்ணெய்! மேடம், மண்ணுக்கு மேல நின்ன பாதி இது!"

கரைமேல் கூட்டம் வெடித்தது. "அமாவாசைதான் கொண்டாந்து போட்டிருக்கான்! சாமியப் படியாக்கிட்டான்!" இரண்டு பேர் சரிவில் பாய்ந்தார்கள். பிரசாத் லத்தியைக் குறுக்கே நீட்டினான். கவிதா தன் இடுப்புத் துப்பாக்கியின் மேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

"முதல்ல கல்லு யாருன்னு பார்ப்போம். அப்புறம் திருடன் யாருன்னு பார்ப்போம். கடப்பாரை கொண்டாங்க."

கல்லை நெம்பிப் புரட்டினார்கள். ஏற்கெனவே நன்றாகத் தேய்த்துக் கழுவிய கல். லாவண்யா மண்டியிட்டாள். பிற்பகல் வெயில் சாய்வாக விழுந்து கீழ்ப்பாதியின் ஒவ்வொரு கோட்டையும் எழுப்பிக் காட்டியது.

அலைகள். அலைகளுக்குள் இரண்டு மீன்கள். முட்டளவுத் தண்ணீரில் நிற்கும் கால்கள். உடைந்த கரை. காலருகே குவித்த மண்ணோடு ஒரு கூடை.

லாவண்யா பையிலிருந்து பஞ்சையும் மருந்தையும் எடுத்தாள். மேல்பாதியில் உயர்ந்திருந்த கையருகே மெல்லத் துடைத்தாள். அழுக்கு கரைந்தது. வாளின் நுனி என்று எல்லோரும் நினைத்த இடத்தில் அகலமான தகடு ஒன்று குறுக்கே திரும்பியிருந்தது.

"வாள் இல்லை. மண்வெட்டி," என்றாள். "ஏரி உடைஞ்சப்ப கரையை அடைக்கப் போய்ச் செத்தவர். போர் வீரர் இல்லை. மடைக்காரரா இருக்கலாம்."

முத்தமிழ்செல்வன் கண்களை மூடிக்கொண்டார்.

கவிதா ராசாங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, காலையில எங்கிட்ட என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"கூடையில மண்ணு சுமந்தவனான்னு கேட்டீங்க. அதுவரைக்கும் இந்த ஊர்ல யாருமே கூடையப் பத்திப் பேசலை. நாவல்ல கூடை இல்லை. லாவண்யா பார்க்கலை. களிமண்ணுக்கு அடியில கூடை இருக்குன்னு ராத்திரி கல்லைக் கழுவினவருக்கு மட்டும்தான் தெரியும்."

"அது... சும்மா வாய்ல வந்தது."

"குழாயில இருக்கிற களிமண்? ஒரே சாவின்னு நீங்கதான் சொன்னீங்க." அவள் அக்கா மகன்களைப் பார்த்தாள். "உங்க ரெண்டு பேர் கையையும் விரிங்க பார்ப்போம்."

அவர்கள் விரிக்கவில்லை. பிரசாத் மூத்தவனின் கையைப் பிடித்துத் திருப்பினான். உள்ளங்கையில் கடப்பாரை பிடித்த கொப்புளங்கள் உடைந்து நீர் கோர்த்திருந்தன.

"கல்லு காணாமப் போனா அதிகமா அழறவர் நீங்கதான். அதனாலதான் யாருக்கும் உங்க மேல சந்தேகம் வரலை," என்றாள் கவிதா.

ராசாங்கம் படியில் உட்கார்ந்தார். வேட்டி ஈரமானது.

"விடியற வரைக்கும் பொறுக்க முடியல," என்றார். "பாட்டன் மூஞ்சிய மொதல்ல நான் பார்க்கணும்னு ஆசை. அதுக்குத்தான் களுவினேன். கூடையப் பார்த்ததும் அப்படியே தரையில உக்காந்துட்டேன். வளைவு கட்டியாச்சு. பேரனுக்குப் பேரு வச்சாச்சு. அந்தப் பேரச் சொல்லி அவங்கள வெலக்கியும் வச்சாச்சு. விடிஞ்சா ஊரு எதிர்ல..." அவர் கையால் முகத்தைத் துடைத்தார். "ஒடைக்கத்தான் போனேன். கை வரல. மூஞ்சி தரையப் பார்க்கிற மாதிரி போட்டேன். யாரும் மூஞ்சிய மிதிக்கக் கூடாதுன்னு."

"முதுகை மிதிக்கலாமா?"

அவர் ஈர வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

"கல்லு விஷயத்தை விடுங்க. பழியை ஒரு மனுஷன் மேல போட்டீங்களே. இன்னைக்குச் சாயந்திரம் அந்தத் தெரு எரிஞ்சிருந்தா?"

மேலே நின்ற இளைஞர்களில் ஒருவன் கம்பைக் கீழே போட்டான். பிறகு இன்னொருவன். வெளியூர் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது.

கூடுதல் படை வந்து சேர்ந்தபோது அவர்களுக்கு வேலை இல்லை. பிரசாத் ராசாங்கத்தையும் அக்கா மகன்களையும் ஜீப்பருகே நிறுத்தியிருந்தான். ஜே.சி.பி. மறுபடி வந்தது. கல்லைக் கரைமேல் பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். வடக்குத் தெருவின் பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் அவர்களில் மூன்று பேர் மாலையோடு அமாவாசையின் வீட்டுக்குப் போய் அவரைக் கரைக்கு அழைத்து வந்தார்கள். தலையில் அதே துண்டு. உண்ணாமலை பின்னால் வந்தாள்.

"அமாவாசை ஐயா, நடந்தது நடந்துபோச்சு. உங்க பாட்டன்தான். மொத மாலைய நீங்களே போடுங்க," என்றார் ஒருவர். நேற்று வரை அவர் அமாவாசையை 'டேய்' என்று கூப்பிட்டவர்.

முத்தமிழ்செல்வன் அருகே வந்து கைகளைக் கூப்பினார். "நான் திருத்தி எழுதறேங்க. உங்ககிட்ட உட்கார்ந்து கேட்டு, உங்க குடும்பத்துக் கதையா..."

லாவண்யா கேமராவைத் தூக்கினாள். மாலை அமாவாசையின் கைக்கு வந்தது. எல்லோரும் அவரையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் நெற்றியில் துண்டுக்குக் கீழே ரத்தம் புதிதாகக் கசிந்து புருவத்தில் நின்றதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அமாவாசை கல்லை உற்றுப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். மாலையை உண்ணாமலையின் கையில் கொடுத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜீப்பருகே நின்ற கவிதாவிடம் வந்தார்.

"அவரு யாரோட பாட்டன்னு பொறவு பார்த்துக்கலாம்மா," என்றார். "காலையில என்னைய அடிச்சவன் இந்தா நிக்கிறான். ராசாங்கத்தோட அக்கா மவன், மூத்தவன். எழுதிக்குங்க. பேரு சொல்றேன்."